இடிமுகிலும் பழைய ஏடுகளும்

“இடிமழை பெய்யும் வேளையில் விமானம் எவ்வாறு இறங்குகின்றது?” என்று எமது மாணவன் ஒருவன் சென்ற வாரம் வினவினான். பெரும்பாலும் இறங்குவதில்லை, அப்பால் வட்டமிட்டுக் காத்திருக்கும், அன்றேல் வேறு நிலையத்தை நாடும் என்றோம். “அவ்வாறாயின் புறப்படுமுன்னரே அதனை அறிய வேண்டாமா?” என்றான் அவன். நியாயமான வினா.

விமானிக்கு இரண்டு அளவுகள் இன்றியமையாதன. கிடையாக எவ்வளவு தூரம் கண்ணுக்குப் புலப்படுகின்றது என்பது ஒன்று. வானின் பெரும்பகுதியை மூடிய முகிலின் அடி எத்தனை அடி உயரத்தில் நிற்கின்றது என்பது மற்றொன்று. இதனை முகிற்கூரை எனலாம். ஐக்கிய அமெரிக்க விதிகளின்படி, சேரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் கூரை 2,000 அடிக்கேனும் பார்வைத் தூரம் 3 மைலுக்கேனும் குறையுமென எதிர்வு கூறப்படின், கருவிகளின் துணைகொண்டு பறக்கும் விமானம் மாற்று நிலையமொன்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அங்குச் செல்லவும், அதன் மேலும் 45 நிமிடம் பறக்கவும் எரிபொருள் வேண்டும். ஆகவே, வீணே அச்சமூட்டும் எதிர்வு கூறல் பாரத்தையும் செலவையும் கூட்டும். அசட்டையானதோ உயிருக்கு உலை வைக்கும்.

1946இல் புளோரிடாவிலும் 1947இல் ஒகாயோவிலும் பயர்ஸ், பிராம் என்னும் அறிஞர்கள் இடிமுகில்களுக்குள்ளேயே விமானங்களைச் செலுத்தி ஆராய்ந்தனர். முகிற்கலம் ஒவ்வொன்றும் வளர்ந்து, முதிர்ந்து, தேய்ந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துள் ஓய்கின்றது எனக் கண்டனர். இத்துணைச் சிறிய வாழ்வுடைய கலம் நாளை மாலை எந்த ஓடுபாதையின் மேல் கவியும் என்று இன்றைய கணினியாலும் திட்டமாய்ச் சொல்ல இயலாது.

இங்கேதான் பழைய அவதான ஏடுகள் கைகொடுக்கின்றன. பல்லாண்டுப் பதிவுகளுள் இடி முழங்கிய வேளைகளை மட்டும் பொறுக்கி, மாதம், மணி, காற்றுத் திசை என வகுத்து, நூற்றில் எத்தனை முறை பார்வை 3 மைலுக்குக் கீழே சென்றது, கூரை எவ்வளவு தாழ்ந்தது என எண்ணுகின்றனர். சராசரி இங்கே உதவாது. பத்து மைலையும் அரை மைலையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது எவருக்கும் பயன்படாத எண். (எமது மாணவர் சிலர் தம் புள்ளிகளுக்கும் இவ்வாறே சராசரி கேட்பர்!)

புளோரிடாவின் கோடைப் பிற்பகலில் முகிலடி பெரும்பாலும் சில ஆயிரம் அடி உயரத்திலேயே நிற்கும்; பார்வையை மறைப்பது கொட்டும் மழையே. மழையாற் குளிர்ந்த ஈரக் காற்றிற் கிழிந்த துணிபோன்ற சிறு முகில்கள் தோன்றினாற் கூரையும் இறங்கும். கீழைக் காற்று வீசும் நாளில் மாலை இடிமழை மேற்குக் கரையிலுள்ள தம்பா நகர்ப் பக்கமே மிகும். காற்றுத் திசையைப் பிரித்து எண்ணுவதன் காரணம் இதுவே.

குறையும் உண்டு. மணிக்கொருமுறை எழுதிய ஏட்டில் இடையே பெய்து ஓய்ந்த கால்மணி மழை அகப்படாது. இடைநேரச் சிறப்பு அவதானங்களையும் சேர்த்தெண்ணல் வேண்டும். அன்றியும், இடிமழை வருமா என்பதை அட்டவணை தானே சொல்லாது. வந்தால் எவ்வாறிருக்கும் என்பதையே சொல்லும்.

எமது மாணவன் கல்லூரி மாடியிலிருந்து தெரியும் கோயிற் கோபுரம், தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றின் தூரங்களைக் குறித்து ஏடொன்று தொடங்கியுள்ளான். அதில் இதுவரை ஒரேயொரு பதிவுதான்: பிற்பகல் 3.40க்குக் கோபுரம் மறைந்தது, 4.05க்கு மீண்டும் தெரிந்தது.