சிறுநீர் உபாதை: வெட்கம் வேண்டாம், தெளிவு வேண்டும்

மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் எனும் நரம்பு நோய்க்கு ஆளானோர் நடை தளர்வதைச் சொல்லிவிடுகின்றனர். சிறுநீரை அடக்க முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் தயங்குகின்றனர். உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்குவது இந்நோய். அதனால் மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலான தொடர்பு தடைபடுகிறது. சிலருக்குத் திடீரென அடக்க முடியாமல் வருகிறது; சிலருக்கு முழுவதும் வெளியேறாமல் தேங்குகிறது.

நம் இல்லங்களில் இன்னொரு வேதனையும் சேர்கிறது. உளூ நிலைக்கவில்லை என்றெண்ணி முதலில் ஜமாஅத்தையும், பின்னர் தொழுகையையுமே விட்டுவிடுவோர் உண்டு. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோரும் உண்டு. இரண்டும் தேவையற்றவை.

இஸ்திஹாளா எனும் தொடர் உதிரப்போக்கால் வருந்திய ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள், தம் நிலையை நபி (ஸல்) அவர்களிடம் நேரிலேயே கேட்டார்கள். மாதவிடாய் நாட்கள் கழிந்தபின் ஒவ்வொரு தொழுகைக்கும் உளூச் செய்து தொழுமாறு அவர்களுக்கு வழிகாட்டப்பட்டது. சிறுநீர் நில்லாமல் கசிபவருக்கும் மார்க்க அறிஞர்கள் இதையே பொருத்துகின்றனர். நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணியோ பஞ்சோ வைத்து, உளூச் செய்து தொழ வேண்டும். இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் விவரங்கள் வேறுபடும். எப்போதாவது கசிபவரின் சட்டமும் வேறு. ஆகவே ஆலிமிடம் நிலையை மறைக்காமல் கூறித் தெளிவு பெற வேண்டும்.

மருத்துவத்திலும் வழிகள் உண்டு. சிறுநீர் கழித்தபின் எவ்வளவு தேங்குகிறது என்பதை ஸ்கேன் மூலம் பார்ப்பர். தேக்கம் இல்லையெனில் சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மாத்திரை தருவர். தேங்கினால், மெல்லிய குழாயைத் தாமே செலுத்தி வெளியேற்றப் பயிற்சி அளிப்பர். மாத்திரை பயனளிக்காதபோது சிறுநீர்ப்பைத் தசையில் போடோக்ஸ் ஊசி போடுவதும் உண்டு. தேநீர், காப்பியைக் குறைக்கலாம், தண்ணீரைக் குறைக்கலாகாது. அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும். கிருமித் தொற்றுக்கும் இடமளிக்கும். தொற்று ஏற்பட்டால் இந்நோயின் பிற அறிகுறிகளும் கூடும்.

நம் பொறுப்பு ஒன்றும் எஞ்சியிருக்கிறது. வீட்டார் முகம் சுளிக்காதிருக்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகிகள் தொழுமிடத்திற்கு அருகே, கைப்பிடியுடன் கூடிய மேற்கத்தியக் கழிப்பறை ஒன்றேனும் அமைக்க வேண்டும். குந்தி அமர இயலாதவருக்கு அதுவே பள்ளிவாசலின் வாயில். கேட்க வெட்கப்படாத சஹாபியப் பெண்மணியின் வழியில் நோயாளிகள் வாய்திறந்து கேட்கட்டும், நாம் செவிசாய்ப்போம். அல்லாஹ் அனைவருக்கும் ஆரோக்கியம் அருள்வானாக, ஆமீன்.