பறை அடிக்க மறுப்பதும் கருத்துரிமையே

அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இழிவின் அடையாளமாக்கப்பட்ட ஒரு கருவிக்குக் கிடைத்த அங்கீகாரமாக அதை வரவேற்கிறோம். ஆனால், கருவிக்குக் கிடைக்கும் மரியாதையும் அதை இசைப்பவரின் உரிமையும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டைக் கியூபாவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1990-களில் ஹவானாவை அடுத்த அலமார் குடியிருப்பில், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களிடையே ஹிப்-ஹாப் வளர்ந்தது. 2002இல் அரசே ராப் இசைக்கென ஒரு நிறுவனத்தை அமைத்து அதை அரவணைத்தது. அதே அரசு 2018இல், முன் அனுமதியின்றிக் கலை நிகழ்ச்சி நடத்துவதைத் தடுக்கும் 349ஆம் எண் ஆணையைக் கொண்டுவந்தது. 2021இல் வெளியான ‘பாத்ரியா இ விதா’ பாடலில் பங்கேற்ற ராப் கலைஞர் மைக்கேல் ஒசோர்போவுக்கு 2022இல் 9 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அரவணைத்த கையே விலங்கும் பூட்டியது.

தமிழகத்திற்கும் இது புதிதன்று. மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன் 2015 அக்டோபரில் தேசத்துரோகச் சட்டப் பிரிவு 124-அ-வின் கீழ் கைதானார். அந்தப் பிரிவின் செயல்பாட்டை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆனால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, ஆயுள் தண்டனை வரை விதிக்கும் வலிமையோடு அதன் இடத்தில் அமர்ந்திருக்கிறது.

எனினும் நமது போராட்டம் கியூபக் கலைஞர்களின் போராட்டத்திலிருந்து ஓரிடத்தில் வேறுபடுகிறது. அவர்கள் கோருவது பாடும் உரிமை. தலித் மக்கள் அதனோடு, இசைக்க மறுக்கும் உரிமையையும் கோர வேண்டியுள்ளது. சாதி வாயை மட்டும் அடைப்பதில்லை. ஆதிக்க சாதியினர் வீட்டுச் சாவுக்குப் பறை அடித்தே தீர வேண்டும் என்று கையையும் கட்டாயப்படுத்துகிறது.

சித்தையன்கோட்டையிலிருந்து எழுதும் எங்களுக்கு அண்மைச் சான்று, திண்டுக்கல்லைத் தளமாகக் கொண்ட சக்தி கலைக்குழு. பெண்கள் தொடக் கூடாது என்றிருந்த பறையைத் தலித் இளம்பெண்கள் தாமாகவே தேர்ந்து, மேடையில் எழுச்சியின் கருவியாக்கினர். 2018இல் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவும் கானாவையும் ராப்பையும் சாதி எதிர்ப்பின் குரலாக்கியது. மேடையில் ஒலிப்பதும் சாவு வீட்டில் ஒலிப்பதும் ஒரே பறைதான். ஒன்றில் இசைப்பவரின் விருப்பம் இருக்கிறது. மற்றொன்றில் ஊரின் கட்டளை இருக்கிறது.

அக்கட்டளையைச் சட்டம் ஏற்கவில்லை. அரசமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7-அ பிரிவு, தீண்டாமையின் பெயரால் இழிதொழில் செய்ய வற்புறுத்துவதைக் குற்றமாக்குகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கட்டாய உழைப்போடு சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. ‘கூலி கொடுத்தோமே’ என்ற வாதமும் நிற்காது. வற்புறுத்திப் பெறும் உழைப்பு, ஊதியம் தந்தாலும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டம் இருந்தும் நடப்பது வேறு. பறை அடிக்க மறுத்தவருக்குக் கடையில் பொருளும் வயலில் வேலையும் மறுக்கப்படும்போது, வழக்குப் பதிவதற்கு மாறாக ‘சமாதானக் கூட்டம்’ நடத்தும் வழக்கம் அதிகாரிகளிடம் உள்ளது. குற்றத்தைத் தகராறாகச் சுருக்கும் ஏற்பாடு அது. இத்தகைய புகார்களில் உடனடியாக முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும். புறக்கணிப்பால் வாழ்வாதாரம் இழந்தோருக்கு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி நிவாரணம் வழங்கப்பட வேண்டும்.

பறையைத் தமிழர் பண்பாட்டின் பெருமை என்று மேடைகளில் முழங்குவோர், அதை அடிக்க மறுப்பவரின் பக்கம் நிற்கிறார்களா என்பதே எங்கள் கேள்வி.