நாலு விநாடியில் போன பட்டம்

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரத்துக்குச் சாலை வழி சுமார் 40 கிலோ மீட்டர். அந்தத் தூரத்தைச் சைக்கிளில் 12 தடவை போய், 12 தடவை திரும்பி வந்தால் எவ்வளவு ஆகும்? ஏறக்குறைய 950 கிலோ மீட்டர். அவ்வளவு தூரத்தை ஏழே நாளில் ஓட்டி முடித்த இரண்டு பெண்களுக்கு இடையே கடைசியில் இருந்த வித்தியாசம் 4 விநாடி!

பிரான்சு தேசத்தைச் சைக்கிளில் சுற்றும் "டூர் டி பிரான்சு" பந்தயத்தை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆண்களுக்கு அது 1903-ல் தொடங்கியது. பெண்களுக்கான பந்தயம் இடையிடையே நடந்து, நின்று, 2022-ல் புதிய உருவில் மறுபடி உயிர் பெற்றது. அதன் 2024-ம் ஆண்டுப் பந்தயத்தில்தான் இந்த அதிசயம் நடந்தது. ஆண், பெண் இரு பந்தயங்களின் சரித்திரத்திலும் இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் யாரும் ஜெயித்ததில்லை.

போலந்து நாட்டு கசியா நியெவியாடோமா ஜெயித்தார். அவர் எடுத்துக் கொண்ட நேரம் 24 மணி 36 நிமிஷம் 7 விநாடி. தோற்றவர் ஹாலந்து நாட்டு டெமி வோலரிங். அவர் 2023-ல் பட்டம் வென்றவர்.

ஒரு வேடிக்கை. அந்தப் பந்தயத்தில் மொத்தம் எட்டுக் கட்டங்கள். அவற்றில் இரண்டு கட்டங்களில் முதலாவதாக வந்தவர் வோலரிங். பட்டம் வென்ற நியெவியாடோமா ஒன்றில்கூட முதலாவதாக வரவில்லை!

இது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும். பொங்கல் விழாக்களில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி நடத்துவார்களே, அதிலே கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு. போட்டிக்குப் போட்டி கணக்கு வேறு. பல கட்டப் பந்தயத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனையாவதாக வந்தார் என்பது பெரிதல்ல. எல்லா நாட்களிலும் எடுத்துக் கொண்ட நேரத்தைக் கூட்டுவார்கள். யாருக்குக் கூட்டுத் தொகை குறைவோ அவருக்கே பட்டம். ஆகவே ஒருநாள் பாய்ந்து ஜெயிப்பதைவிட ஒருநாளும் நேரத்தைக் கோட்டை விடாமல் இருப்பது முக்கியம்.

விழுந்தார்!

ஐந்தாம் கட்டம். மஞ்சள் சட்டை வோலரிங்கின் உடம்பில் இருந்தது. மொத்தக் கணக்கில் முன்னணியில் இருப்பவருக்குத்தான் அந்தச் சட்டை. நியெவியாடோமாவைவிட அவர் 34 விநாடி முந்தி இருந்தார்.

பந்தயம் முடிய ஆறு கிலோ மீட்டர் இருந்தபோது கூட்டமாக வந்தவர்களில் பலர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். வோலரிங்கும் விழுந்தார். நம் பக்கத்துக் கணக்கில் சொல்வதானால், விழுப்புரத்தில் முடியும் பந்தயத்தில் முண்டியம்பாக்கம் தாண்டிச் சற்றுத் தூரத்தில் விழுந்தது போல. எழுந்து, ஏறி, அடிபட்ட உடம்போடு மிதித்துப் போய்ச் சேருவதற்குள் 1 நிமிஷம் 47 விநாடி போய்விட்டது.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. கடைசி 3 கிலோ மீட்டருக்குள் ஒருவர் விழுந்தால், அவர் எந்தக் கூட்டத்தோடு வந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரத்தையே அவருக்கும் கொடுத்து விடுவார்கள். அதே விபத்து மூன்று, நாலு கிலோ மீட்டர் தள்ளி நடந்திருந்தால் வோலரிங்குக்கு ஒரு விநாடிகூட நஷ்டம் இல்லை. பட்டமும் போயிருக்காது. ஆறு கிலோ மீட்டர் என்பதால் சட்டம் கை கொடுக்கவில்லை.

போதாததற்கு, இது போன்ற கட்டங்களில் முதல் மூவருக்கு 10, 6, 4 விநாடி என்று நேரச் சலுகை உண்டு. அன்று இரண்டாவதாக வந்த நியெவியாடோமாவுக்கு 6 விநாடி கிடைத்தது. கடைசியில் அவர் ஜெயித்தது 4 விநாடியில். அந்த ஆறு இல்லாவிட்டால் கதை வேறு.

அன்று முதலாவதாக வந்தவர் யார் தெரியுமா? ஹங்கேரியின் பிளங்கா வாஸ். வோலரிங்கின் சொந்த அணிக்காரர்! தலைவி தரையில் கிடக்க, அணிக்காரர் வெற்றிக் கோட்டை நோக்கிப் பறந்தார். இது பற்றிப் பெரிய சர்ச்சை கிளம்பியது. சைக்கிள் பந்தயம் தெரியாதவர்களுக்கு இதன் கடுமை உடனே விளங்காது. ஆடிக் காற்றில் எதிர்க்காற்றாகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளங்கும். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக் கொள்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே விழுந்த தலைவிக்கு முன்னால் இரண்டு, மூன்று பேர் நின்று காற்றை மறைத்து இழுத்துப் போயிருந்தால் நஷ்டத்தில் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கும். நாலு விநாடி மிஞ்சியிருக்காதா? மிஞ்சியிருக்கும் என்பதே என் அபிப்பிராயம். அந்த வருஷக் கடைசியில் வோலரிங் அந்த அணியை விட்டு வேறு அணிக்குப் போய்விட்டார்.

மலை மேல் கணக்கு

கடைசி நாள் ஆல்ப்ஸ் மலை. முடிவு, ஆல்ப் துயெஸ் உச்சியில். 21 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டில் 20 வளைவு, கொல்லி மலையில் 70 வளைவு பார்த்த நமக்கு வளைவுக் கணக்கு பிரமாதமாகத் தோன்றாது. ஆனால் அதற்கு முன்பே கிளாண்டோன் என்ற இன்னொரு பெரிய மலையை ஏறி இறங்கி வரவேண்டும்.

புறப்படும்போது வோலரிங் 1 நிமிஷம் 15 விநாடி பின்தங்கி இருந்தார். கிளாண்டோனிலேயே பாய்ந்தார். நியெவியாடோமா தனியே விடப்பட்டார். உச்சியில் வோலரிங் முதலாவது. 10 விநாடி சலுகையும் அவருக்கே. இனி நியெவியாடோமா எப்போது வருகிறார் என்பதுதான் கேள்வி. 1 நிமிஷம் 1 விநாடி கழித்து வந்து சேர்ந்தார். 61-ம் 10-ம் 71. வேண்டியிருந்தது 75-க்கு மேல். மீதி நாலு!

இதற்கு முன் இப்படி நெஞ்சைப் பிடித்துக் கொண்டு பார்த்த பந்தயம் 1989-ல் நடந்த ஆண்கள் பந்தயம். 3,285 கிலோ மீட்டர் ஓடி, அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் 8 விநாடியில் ஜெயித்தார். கடைசி நாள் காலையில் அவர் 50 விநாடி பின்னால் இருந்தார். மிச்சம் இருந்த தூரம் 24½ கிலோ மீட்டர். திண்டிவனத்தில் இருந்து விக்கிரவாண்டி என்று வைத்துக் கொள்ளலாம். அதை 26 நிமிஷம் 57 விநாடியில் கடந்தார். முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் நீண்ட கைப்பிடி அவர் சைக்கிளில் இருந்தது. தோற்ற பிரெஞ்சுக்காரர் லொரான் ஃபின்யோனிடம் அது இல்லை; தலைக்கவசம்கூட இல்லாமல் குடுமி காற்றில் பறக்க ஓட்டினார்! அந்த லெமாண்ட் இரண்டு வருஷம் முன்பு வேட்டையில் தவறுதலாகச் சுடப்பட்டு உயிர் பிழைத்தவர். சில ரவைகள் அப்போதும் அவர் உடம்பில் இருந்தன.

பரிசுப் பணத்தையும் சொல்லிவிட வேண்டும். 2024-ல் ஆண்கள் பட்டத்துக்கு 5 லட்சம் யூரோ. பெண்கள் பட்டத்துக்கு 50 ஆயிரம். பெண்கள் பந்தயத்துக்கு நாள் குறைவு, தூரம் குறைவு என்று சமாதானம் சொல்கிறார்கள். தூரம் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பணம் பத்தில் ஒரு பங்கு. கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

நம் சாலையில்?

இந்த மாதிரிப் பந்தயம் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. சர்வதேசச் சைக்கிள் சங்கத்தின் பட்டியலில் இடம் பெற்ற பல கட்டப் பந்தயம் ஒன்று 2026 ஜனவரியில் புனேயில் நடந்தது. அதற்கு வகுத்த தூரம் சுமார் 437 கிலோ மீட்டர். அதற்காகச் சாலைகளைச் செப்பனிட்டார்கள்.

நம் ஜில்லாவில் நடக்குமா? சைக்கிளுக்குப் பஞ்சம் இல்லை. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அரசின் இலவசச் சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் பிளஸ்-1 மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. ஏழு நாள் இரவு பகலாக இறங்காமல் சைக்கிள் ஓட்டும் சாகசக்காரருக்குச் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தி மகிழ்ந்த ஜனங்கள் நம்மவர்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டத்துக்கும் குறைவிராது.

சமதரைக் கட்டத்துக்குத் திண்டிவனம் - விழுப்புரம் சாலையே போதும். காற்றோடு மல்லுக்கட்டும் கட்டத்துக்கு மரக்காணம் பக்கம் கடற்கரை. மலைக் கட்டம்தான் கஷ்டம். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கல்வராயன் மலையும் அதோடு போய்விட்டது. செஞ்சியில் கோட்டை மலை இருக்கிறது. ஆனால் அதிலே படிதான் உண்டு!

உண்மையான இடைஞ்சல் வேறு. நாற்கரச் சாலை ஆனபின் பஸ்ஸும் லாரியும் காரும் வேகமாகப் போகின்றன. சைக்கிளுக்கென்று தனிப் பாதை கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள ஓரத்தில்தான் ஓட்டுகிறார்கள். எதிர்த் திசையில் வரும் மோட்டார் சைக்கிளும், கரும்பு ஏற்றிய டிராக்டரும் அந்த ஓரத்துக்கே வருகின்றன. ஒருநாள் பந்தயத்துக்காகப் போலீசார் சாலையை மூடிவிடலாம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளைகள் அதே ஓரத்துக்கு வந்தாக வேண்டும். புனேயைப் போலச் சாலையைச் செப்பனிட்டால் அந்த ஓரத்தையும் சேர்த்தே செப்பனிட வேண்டும்.

பந்தயமே நடத்துவதானாலும் இன்னொரு சங்கடம். ஊருக்குள் நுழையும் சாலைகளில் வர்ணம் அழிந்த வேகத்தடைகள் இருக்கின்றன. கூட்டமாக நூறு பேர் 50 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால் முதல் தடையிலேயே பாதிப் பேர் தரையில் இருப்பார்கள். கடைசி மூன்று கிலோ மீட்டரில் விழுந்தால் நேரம் போகாது என்ற சட்டம் இங்கே போதாது. திண்டிவனத்தில் இருந்தே அதை அமலுக்குக் கொண்டு வர வேண்டியிருக்கும்.