புள்ளி பார்த்து எண்ணும் மீன்

கடலுக்குள்ளே வனமா என்று நேயர்கள் வியக்கலாம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், தென் கலிபோர்னியாவை ஒட்டிய குளிர்ந்த ஜலத்தில் அத்தகைய வனங்கள் உண்டு. கெல்ப் என்னும் பெருங் கடற்பாசி பாறையைப் பற்றிக்கொண்டு நூறடி உயரம்கூட வளர்ந்து, நீர்மட்டத்தில் பந்தல்போல் படர்ந்து நிற்கும். அவ்வனத்தில் அரசனைப்போல் உலவுவது 'ஜயண்ட் ஸீ பாஸ்' என்னும் மீன். ஏழடி நீளமும் 500 ராத்தலுக்கு மேற்பட்ட எடையும் கொள்ளக்கூடியது. நண்டு, திருக்கை முதலியவை இதற்கு ஆகாரம். எழுபது வயதைத் தாண்டியும் வாழும்.

இவ்வளவு பெரிய பிராணிக்குச் சத்துரு யார்? மனிதன்தான். கோடையில் முட்டையிடுவதற்கு இம்மீன்கள் குறிப்பிட்ட சில இடங்களில் கூட்டமாய்ச் சேரும். இடம் தெரிந்தவனுக்கு வாரிக்கொண்டு போவது எளிது. முக்குளிப்பவரைக் கண்டு அஞ்சியோடும் சுபாவமும் இதற்கில்லை. ஆகவே, 1970-களில் இதைக் காண்பதே அரிதாயிற்று. 1981-ல் கலிபோர்னியாவில் இதைப் பிடிக்கலாகாதென்று சட்டம் செய்தார்கள். ஆயினும், வேறு மீனுக்காக விரித்த செவுள் வலைகளில் அகப்பட்டு மடிவது நிற்கவில்லை. 1990-ல் ஜனங்கள் வோட்டளித்து, 1994 முதல் அவ்வலைகளையும் கரையோரத்திலிருந்து விலக்கினார்கள்.

சட்டம் செய்த மறுநாளே மீன் பெருகிவிடுமா? இம்மீன் பருவமடையவே 11 முதல் 13 வருஷங்கள் வேண்டும். 2000-க்குப் பிறகே, ஸாந்தா காடலினா முதலிய தீவுகளின் அருகில் முக்குளிப்போர் இதை மறுபடியும் அடிக்கடி காணலாயினர்.

மீண்டவை எத்தனை என்று அறிவதெப்படி? பிடித்து எண்ணலாகாது. ஒரே மீனைப் பத்துப் பேர் கண்டால், பத்து மீன் என்று கணக்காகிவிடவும் கூடும். இங்கே கைகொடுத்தவை மீனின் விலாவிலுள்ள கரும்புள்ளிகள். மனிதருடைய கைரேகையைப்போல, இப்புள்ளிகளின் அமைப்பு மீனுக்கு மீன் வேறுபடும். ஸாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையார், பொழுதுபோக்காக முக்குளிப்போர் எடுக்கும் படங்களைத் திரட்டி, புள்ளிகளை ஒப்பிட்டு, இன்ன மீன் இன்ன இடத்தில் தென்பட்டது என்று குறித்துவருகிறார்கள். பட்டம் பெறாதவரும் ஒரு படத்தினால் ஆராய்ச்சிக்குத் துணை செய்யலாம் என்பது மகிழ்ச்சிக்குரியது.

எனினும், காரியம் முடிந்துவிடவில்லை. இம்மீன் வாழும் கடலில் பெரும்பகுதி மெக்ஸிகோவைச் சேர்ந்தது. அங்கே மீன்பிடிப்பு நெடுங்காலம் தொடர்ந்து நடந்துவந்ததை 2021-ல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டிற்று. இரண்டு தேசத்தாரும் சேர்ந்து காத்தாலன்றி வனத்தரசனுக்கு முழு அபயம் இல்லை.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் பழமொழி. 1981-ல் அச்சட்டத்தைச் செய்தவர்கள் பனை வைத்தவர்கள். அவர்களிற் சிலர் பார்க்காமலே போயிருக்கவும் கூடும். இன்று கடலில் இறங்கும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பார்க்கிறார்கள்.