பச்சைக் கம்பளமும் பெட்டிமுடி மண்ணும்

மலையைப் பார்க்கப் போகிறவன் கண்ணிலும் சாதி இருக்கிறது. இதைச் சொன்னால், "எதுலதான்யா ஒங்களுக்குச் சாதி தெரியாது" என்று முற்போக்கு நண்பர்களே சலித்துக்கொள்கிறார்கள். சலிச்சுக்கிறட்டும்.

எங்கள் சாத்தூர், சிவகாசிக் கரிசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை நீலமாகத் தெரியும். எங்களுக்கு அது அழகு இல்லை, ஆள் போன திசை. மழை பொய்த்த வருசமெல்லாம் கங்காணி வருவான். பள்ளக்குடி, பறக்குடி, சக்கிலியக்குடியில் முன்பணத்தைக் குடுத்து, குடும்பம் குடும்பமாக் கூட்டிட்டுப் போவான். 1877இல் பூஞ்சாறு அரசனிடம் மன்றோ என்ற வெள்ளைக்காரன் அந்த மலையைக் குத்தகைக்கு வாங்கினான். கண்ணன், தேவன் என்பவை அங்கிருந்த முதுவர் தலைவர்களின் பெயர்கள் என்பார்கள். தலைவர்கள் போய்விட்டார்கள், பேரு தேயிலைப் பொட்டலத்துல இருக்கு.

போன வருசம் நானும் ஜீப்பில் போனேன். போடிமெட்டு ஏறி, சூரியநெல்லியில் விடியுமுன்னே கிளம்பி, மேல் மூடாத ஜீப்பில் எலும்பு கழண்டு விழுகிற குலுக்கலோடு கொழுக்குமலை உச்சிக்கு. மலை தேனி மாவட்டம், பாதையோ கேரளா வழி. ஏறத்தாழ 8,000 அடி. கூட்டிட்டுப் போன தம்பி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: உலகத்திலேயே உயரமான தேயிலைத் தோட்டம், வெள்ளைக்காரன் காலத்து மிசினு, இந்தப் பக்கம் மேகம், அந்தப் பக்கம் சூரியன். எல்லாம் சொன்னான். சரிவில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்ற பொம்பளைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஜீப்பில் இருந்தவர்கள் அவர்களைக் கேட்காமலே படம் எடுத்தார்கள். திரும்பும்போது தனியாக விசாரித்தேன். அவங்க அம்மாவும் கொழுந்து எடுக்கிறவள்தான். "அதெல்லாம் சொன்னா டிப்ஸ் கெடைக்காதுண்ணே" என்றான்.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் வாயில் அந்தப் பாடத்தை வைத்தவர்களைத்தான் சொல்கிறேன். வாரப் பத்திரிகைப் பயணக் கட்டுரைகளைப் புரட்டுங்கள். தவறாமல் 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல' என்று எழுதியிருப்பான். கம்பளம் என்றால் காலால் மிதிக்கிறது. அதை நெய்த கை யாருடையது என்று எவனும் கேட்பதில்லை. எங்கள் ஊர் வெடிக்கும் இதே கதைதான். வானத்துல பூப்பூக்குறதை நாடே பார்க்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பயராபீஸ் வெடித்து 30 பேருக்கு மேல் கருகிச் செத்தார்களே, அப்போதுதான் மருந்து அள்ளுகிற கை ஒன்று இருப்பது ரெண்டு நாளைக்குத் தெரிந்தது.

அந்த மலைச் சனத்தை நாடு நிமிர்ந்து பார்த்தது எப்போது? 2015 செப்டம்பரில். 20 சதவீத போனசை 10 ஆக்கியதை எதிர்த்து, சங்கத் தலைவர்களையும் ஓரங்கட்டிவிட்டு, 'பொம்பளை ஒற்றுமை' என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். சுற்றுலா வண்டிகள் நின்றன. படத்துக்குள்ள கெடந்தவுக எந்திரிச்சு ரோட்டுக்கு வந்துட்டாக! 20 சதவீதத்தை வாங்கிய பிறகுதான் எழுந்தார்கள்.

மூணாறுக்கு அந்தப் பக்கம் ராஜமலை, அதற்கும் அப்பால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து லயங்களை மூடியது. கரண்டும் இல்லை, போனும் இல்லை; வெளியே தெரியவே விடிந்துவிட்டது. 70 உயிர். அதில் 4 பேர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. பலரும் கயத்தாறு பக்கத்துச் சொந்தங்கள். மறுநாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. விமானத்தில் செத்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம். விமானத்தில் செத்தவர்கள் மேல் நமக்கென்ன கோபம்? அவர்களும் வளைகுடாவில் பாடுபட்டவர்கள்தான். ஒரு உயிரு ரெண்டு உயிருல பாதின்னு கணக்குப் போட்ட மூளை எதுன்னுதான் கேக்கறேன்.

என் அத்தை முப்பது வருசத்துக்கு மேல் அங்கே கொழுந்து எடுத்தாள். வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் கூரை. அத்தை பிள்ளைகள் பதியவில்லை. இப்போது எங்கள் காலனியில் உட்கார்ந்து சரவெடி பின்னுகிறாள். ஜீப்புக்குக் கொடுத்த காசைச் சொன்னதும், "அந்த மேட்டுல நடந்து ஏற எங்களுக்கு ஒருத்தனும் காசு தரலையேடா" என்று சிரித்தாள்.

ஜீப்பு ஓடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை ஓட்டுகிறதும் நம்ம பிள்ளைகள்தான். ஆனால் அந்தத் தம்பி வாயில் அவன் அம்மா கதை வரவேண்டும். லயத்தில் ஆயுளைக் கழித்தவளுக்கு, லயத்தை விட்டு இறங்கும்போது அந்த மலையிலேயே சொந்தப் பேரில் நாலு சென்டு நிலம் வேண்டும். ராஜமலைக்கு வரையாடு பார்க்கச் சீட்டு வாங்கி ஏறுகிறீர்களே, செத்தவர்களை வரிசையாகப் புதைத்த குழிகளும் அந்த ராஜமலையில்தான் இருக்கின்றன. வண்டியை அங்கேயும் நிறுத்தச் சொல்லுங்கள்.