இரும்புச் சத்தும் நோய்க் கிருமிகளும்

மாடு ஜுரங்கண்டு அசை போடாமல் நின்றால், ‘இரத்தம் சுண்டிவிட்டது’ என்று வீட்டாரே தீர்மானித்து, இரும்புச் சத்துள்ள டானிக்கை வாங்கிவந்து கொட்டத்தாற் புகட்டுவது பல ஊர்களிற் காணப்படும் வழக்கம். ஆவடி மாநகராட்சியில் அடங்கிய கோவில்பதாகை போன்ற ஊர்களில், வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டபடியால், கறவை மாடு ஒன்றிரண்டே சில குடும்பங்களுக்கு எஞ்சிய ஆஸ்தி. அது படுத்துவிட்டால் பதற்றம் உண்டாவது இயல்பே. ஆயினும் அப்பதற்றத்திற் கொடுக்கப்படும் இரும்பு, மாட்டுக்கு உதவுவதைக் காட்டிலும் அதன் உடலிற் புகுந்த கிருமிக்கே உணவாகக்கூடும் என்பதைக் கால்நடை வைத்திருப்போர் அறிவது அவசியம்.

நோய்க் கிருமிகளிற் பெரும்பாலானவை இரும்பின்றிப் பெருக மாட்டா. மாட்டின் உடலில் இரும்பு போதிய அளவு இருப்பினும், அது பூட்டிவைத்த தானியத்தை ஒக்கும். பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாக அடைபட்டிருக்கின்றது. இரத்த நீரில் ஓடும் சிறு பகுதியையும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். பாலில் லாக்டோஃபெரின் என்னும் புரதம் இதே காவலைச் செய்கின்றது. கோழிமுட்டையில் இவ்வேற்பாட்டைத் தெளிவாகக் காணலாம். மஞ்சட்கருவில் இரும்பு உண்டு. அதைச் சூழ்ந்த வெண்கருவிலோ, இரும்பைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஏராளம். 1944-ஆம் ஆண்டில் ஷேட், கரோலைன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், பச்சை வெண்கருவிற் கிருமிகள் வளராமையைக் கண்டு, அதிற் பலவகைச் சத்துக்களைச் சேர்த்துப் பார்த்தனர். இரும்பைச் சேர்த்தபொழுதுதான் கிருமிகள் தழைத்தன. 1946-இல், இரத்த நீரிலும் அத்தகைய பொருள் உண்டென அவர்களே காட்டினர்.

ஜுரங்கண்ட உடல் இக்காவலை இன்னும் இறுக்குகின்றது. கல்லீரலில் ஹெப்சிடின் என்னும் பொருள் மிகுதியாகச் சுரந்து, குடலிலிருந்து இரும்பு இரத்தத்தில் ஏறும் வழியையும், சேமிப்பு அணுக்களிலிருந்து அது வெளிவரும் வழியையும் அடைத்துவிடும். ஆகையால் நோயுற்ற பிராணியின் இரத்த நீரில் இரும்பு குறைந்து காணப்படுவது பல சமயங்களிற் பஞ்சமன்று; களவுக்கு அஞ்சிக் களஞ்சியத்தை அடைத்த செயலே. மனிதரிடத்தும் இது காணப்பட்டிருக்கின்றது. இரும்புக் குறைவுடைய சோமாலிய நாடோடிகளுக்கு இரும்பு கொடுத்தபோது, கொடாதவரைக் காட்டிலும் அவர்களிடையே மலேரியா, க்ஷயம், புரூசெல்லா ஜுரம் முதலியவை அதிகமாகத் தலைதூக்கியதாக 1978-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. புரூசெல்லா, பசுக்களிடத்துக் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமி என்பது பலரும் அறிந்ததே.

பூட்டைக் கண்டு கிருமிகள் திரும்பிவிடுவதில்லை. கன்றுக் கழிச்சலுக்கும் மடிவீக்கத்துக்கும் காரணமான ஈ. கோலை, எண்டரோபாக்டின் என்னும் நுண்பொருளை வெளியே விடுகின்றது. அது டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே இரும்பைப் பறித்துக்கொண்டு கிருமியிடம் மீளும். உடலோ, அப்பொருளையே வழிமறித்துப் பிடிக்க வேறொரு புரதத்தை அனுப்புகின்றது. அதற்கு மாற்றாக, சால்மோனெல்லா தன் நுண்பொருளின் மீது சர்க்கரையைப் பூசி, அடையாளந் தெரியாமற் செய்துவிடும். தொண்டை அடைப்பானை உண்டாக்கும் பாஸ்டுரெல்லாவின் முறை வேறு. அது தூது விடாமல், மாட்டின் டிரான்ஸ்ஃபெரினைத் தன் மேற்புறத்திலேயே ஒட்டவைத்து இரும்பைக் கறந்துகொள்ளும். இன்னுஞ் சில கிருமிகள் சிவப்பணுக்களையே உடைத்துவிடும்.

இரும்பு மிஞ்சினால் அது கிருமிக்கும் விஷம். ஆகவே பல கிருமிகளுக்குள் ஃபர் என்னும் புரதம் ஏரி மதகு போல அமைந்திருக்கின்றது. போதிய இரும்பு சேர்ந்தவுடன் மதகு இறங்கிவிடும். இரும்பு அரிதாக இருப்பதையே, பிற உயிரின் உடலுக்குள் வந்துவிட்டோம் என்பதற்கு அறிகுறியாகக் கொண்டு நஞ்சைச் சுரக்கும் கிருமிகளும் உண்டு. தொண்டையடைப்பு நோயின் டிப்தீரியாக் கிருமி அவ்வகையினது.

நெற்பயிரும் இப்போருக்குப் புறம்பன்று. பாக்டீரியா இலைக்கருகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் கிருமியை ஹைதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தார் ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். இரும்பை நேரே உள்ளிழுக்கும் ஃபியோபி என்னும் வாயிலை இழந்த கிருமிக்குப் பயிரைக் கெடுக்கும் வலிமை வெகுவாகக் குன்றிவிட்டது. இரும்பைப் பறிக்கும் நுண்பொருளை மட்டும் இழந்த கிருமியின் வலிமை குன்றவில்லை. மறுபுறம், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பரப்பிவரும் சூடோமோனாஸ் பொடியிலுள்ள நன்மை செய்யும் கிருமி, மண்ணிலுள்ள இரும்பைத் தானே வாரிக்கொண்டு நோய்ப் பூஞ்சணங்களைப் பட்டினி போடுகின்றது. அதன் பல செயல்களில் இதுவும் ஒன்று. விதை கிலோவுக்கு 10 கிராம் செலவிடத் தயங்குவோர், பின்னர் மருந்துக் கடையில் நிற்பதைப் பார்க்க வியப்பாகவே இருக்கின்றது.

நிற்க. இரும்பு வேண்டியதேயில்லை என்பது இதன் கருத்தன்று. உண்ணிகளாலும் குடற்புழுக்களாலும் இரத்தமிழந்த மாட்டுக்கும், பிறந்த பன்றிக்குட்டிகளுக்கும் இரும்பு அவசியமாகும். ஆனால் புல்லும் வைக்கோலும் தின்று வளர்ந்த மாட்டுக்கு, இரத்தச் சேதமின்றி இரும்புக் குறைவு நேர்வது அரிது. ஜுரம் எதனால் என்று கால்நடை வைத்தியர் கண்டறியுமுன் இரும்பு கொடாதிருப்பதே முறை. டானிக்குக்குச் செலவிடும் பணத்தையும், அதைவிட மேலாக, அதில் வீணாகும் ஒரு நாளையும் சிகிச்சைக்குச் செலவிடுதல் நலம். தொண்டை அடைப்பானில் மாடு ஓரிரு நாளிலேயே, சில வேளைகளிற் சில மணி நேரத்திலேயே, மாண்டுபோகும்.

சீம்பாலைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கின்றது. நோயெதிர்ப்புப் பொருள்களோடு லாக்டோஃபெரினும் சாதாரணப் பாலைவிடச் சீம்பாலில் மிகுதி. அதனைக் கறந்து அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிட்டு, கன்றுக்கு மிச்சத்தை விடுவது விருந்தோம்பலாயினும் கன்றுக்கு அநியாயமே. பிறந்த ஒரு மணிக்குள் கன்று வயிறார ஊட்டிய பிறகே பிறருக்குப் பங்கு.

இராணிப்பேட்டையில் 1932-இல் நிறுவப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி தயாரித்து வருகின்றது. ஊசி போட்டவுடன் பலன் உண்டாகிவிடாது. இரண்டு மூன்று வாரம் செல்லும். ஆதலால் மழைக்காலத்துக்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும். கிராம அதிகாரிகள் முகாம் நாளை முந்தின தினம் அறிவிப்பது போதாது. புறநகர்ப் பகுதிகளிற் பலர் விடியுமுன் மாட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுகின்றனர். ஒரு வாரம் முன்னதாகவே வீடுவீடாக மாடுகளின் ஜாபிதா எடுத்து, முகாமன்று கட்டுத்தறியிலேயே மாடு நிற்கும்படி செய்யவேண்டும்.