ஆட்டோமேட்டிக் காரில் ஓவர்டிரைவ் பட்டன்: எப்போது தொடலாம், எப்போது தொட வேண்டாம்?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இன்றைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் மாற்றுவதே ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு அழுத்துகிறீர்கள், வண்டி என்ன வேகத்தில் போகிறது, இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையெல்லாம் நொடிக்குப் பல முறை படித்து, எந்தக் கியர் வேண்டும் என்று அது முடிவு செய்கிறது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் செட்டிங்ஸ் பகுதியில் என்ன செய்கிறார்களோ, அதையே புதிதாக இந்தக் கார் வாங்கியவர்களும் செய்கிறார்கள். சிலர் எந்தப் பட்டனையும் கடைசி வரை தொடுவதில்லை. சிலர் 'பவர்' என்று எழுதியிருப்பதை முதல் நாளே அழுத்தி, அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. மைலேஜ் குறைவதோடு போனால் பரவாயில்லை. மலையில் இறங்கும்போது இது உயிர்ப் பிரச்சினை.

ஓவர்டிரைவ் என்பது என்ன?

பழைய அம்பாசிடரில் நான்காவது கியர் ஒன்றுக்கு ஒன்று. அதாவது இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் கியர் பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டும் ஒரு சுற்று சுற்றும். ஓவர்டிரைவ் கியரில் இன்ஜின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் தண்டு ஒன்றுக்கு மேல் சுற்றிவிடும். கியர் விகிதம் 0.7 என்று வைத்துக்கொள்வோம். நேர் கியரில் 3000 சுற்று தேவைப்படும் வேகத்திற்கு இதில் 2100 சுற்று போதும். இன்ஜின் சத்தம் குறையும், பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் இழுவை குறைவு.

2018ல் வந்த மாருதி எர்டிகாவின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் இதற்கென்று கியர் லீவரிலேயே பட்டன் உண்டு. அதை அழுத்தினால் மீட்டரில் 'ஓ/டி ஆப்' என்று விளக்கு எரியும். இங்கேதான் குழப்பம். விளக்கு எரிந்தால் ஏதோ ஒன்று 'ஆன்' ஆகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் கடைசிக் கியருக்குப் போகக் கூடாது என்று நீங்கள் தடை போட்டிருக்கிறீர்கள். சாப்ட்வேரில் இப்படி ஒரு பட்டன் வைத்தால் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்! நினைவில் வைக்க எளிய வழி: விளக்கு எரியாமல் இருப்பதுதான் சாதாரண நிலை.

நம் ஊர்ச் சாலைக்கு எது சரி?

எங்கள் விளாத்திகுளம் கரிசல் பூமி. எட்டயபுரம், கோவில்பட்டி வரை மேடு பள்ளம் அதிகமில்லை. அங்கிருந்து நான்கு வழிச் சாலையில் திருநெல்வேலி போனாலும் அப்படித்தான். இந்தச் சாலைகளில் ஓவர்டிரைவ் எப்போதும் வேலை செய்யட்டும். தடை போட்டு ஓட்டினால் இன்ஜின் வீணாக அதிகம் சுற்றும்.

லாரியை முந்த வேண்டுமா? அதற்கும் பட்டன் தேவையில்லை. ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்தினால் கியர் பெட்டி தானாகவே கீழ்க் கியருக்கு இறங்கி வேகம் கொடுக்கும்.

மலை வந்தால் கதை வேறு

கார்த்திகை, மார்கழியில் நம் பக்கத்திலிருந்து எத்தனையோ வண்டிகள் சபரிமலைக்குப் போகின்றன. வண்டிக்குள் ஏழு பேர், மேலே மூட்டைகள். மலை ஏறும்போது கியர் பெட்டி மூன்றா, நான்கா என்று மாறி மாறித் தடுமாறும். ஓவர்டிரைவைத் தடுத்துவிட்டால் மூன்றிலேயே நிலைத்து நிற்கும். கியர் பெட்டி எண்ணெயும் வீணாகச் சூடாகாது.

இறக்கம் இதைவிட முக்கியம். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும் பாதையை நினைத்துப் பாருங்கள். 'டி'யில் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பல வண்டிகளில் கம்ப்யூட்டர் "இவருக்கு இழுவை தேவையில்லை" என்று மேல் கியருக்குப் போய்விடும். மேல் கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுச் சுமையும் பிரேக் மீது விழும். பிரேக் செய்வதெல்லாம் வேகத்தைச் சூடாக மாற்றுவதுதான். விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் கருகும் வாடை வரும். அதன் பிறகு மிதித்தாலும் பிடிக்காமல் போகலாம்.

எனவே இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, ஓவர்டிரைவைத் தடுத்துவிடுங்கள். செங்குத்தாக இறங்கினால் அதுவும் போதாது. லீவரை '2' அல்லது 'எல்' நிலைக்குக் கொண்டு வாருங்கள். உதகையிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கீழ்க் கியர் இல்லாமல் இறங்க நினைக்கவே கூடாது. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, இறங்கவும் அதுவே என்பது பழைய டிரைவர்களின் கணக்கு. ஆட்டோமேட்டிக் வந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான், இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். ஆக, நியூட்ரலில் மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

பவர் மோடில் பவர் கூடுமா?

கூடாது. 2016ல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் 'ஈகோ', 'பவர்' என்று இரண்டு பட்டன்கள் உண்டு. எதை அழுத்தினாலும் இன்ஜினின் குதிரை சக்தி மாறாது. பவர் மோடில் ஆக்ஸிலேட்டரைச் சிறிது தொட்டாலே வண்டி துள்ளும். இதுபோன்ற மோடுகள் பல கார்களில் கீழ்க் கியரிலேயே அதிக நேரம் வைத்திருக்கும். விண்டோஸில் பவர் மோடை மாற்றினால் பிராசசர் புதிதாகிவிடுவதில்லை அல்லவா? லேப்டாப்பில் பேட்டரி சீக்கிரம் தீரும். காரில் டேங்க் சீக்கிரம் காலியாகும். மலை ஏறும்போது போடுங்கள், சமதளம் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் காரில் இந்தப் பட்டன் இல்லையா?

இருக்காது, ஆனால் அதே வேலைக்கு வேறு வழி இருக்கும். 2014ல் செலெரியோவுடன் பரவலான ஏ.எம்.டி. வகைக் கார்களில் லீவரை 'எம்' பக்கம் தள்ளி நீங்களே கியரை இறக்கலாம். சி.வி.டி. கார்களில் 'எல்' அல்லது 'எஸ்' நிலை இருக்கும். எர்டிகாவே 2022ல் ஆறு கியருக்கு மாறியபோது, ஸ்டியரிங் பின்னால் கியர் மாற்றும் இதழ்கள் வந்துவிட்டன.

"புதிய கார்கள் சரிவை உணர்ந்து தானே கியரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றனவே" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான், சில கார்கள் அப்படிச் செய்கின்றன. ஆனால் அவை இப்போது சக்கரத்தில் நடப்பதைத்தான் அறியும். அடுத்த வளைவுக்குப் பின்னால் வரும் பஸ்ஸை அவை அறியாது. அதைப் பார்ப்பது நீங்கள் மட்டுமே.

கார் டெலிவரி எடுக்கும் நாளில் புளூடூத்தில் போனை இணைத்துக் காட்டுவதற்கு அரை மணி நேரம் செலவிடுகிறார்கள். கீழ்க் கியரில் இறங்குவது எப்படி என்று காட்ட ஐந்து நிமிடம் போதும். கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் காருடன் வந்த கையேட்டில் கியர் பற்றிய பக்கங்களையாவது, மலைக்குப் புறப்படும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.